சாது மிரண்டால்...! சிறுநீரகத்தில் ஒளிந்து வளரும் கட்டியின் கதை

"கட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் தூக்கிவாரிப் போடுகிறது. "புற்றுநோயாக இருக்குமோ?" என்ற பயம்தான் முதலில் வருகிறது.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாமல், தோன்றிய இடத்திலேயே மெதுவாக வளரும் கட்டிகளும் உண்டு. இவற்றைச் "சாதுக் கட்டிகள்" என்று சொல்லலாம்.

ஆனால், "சாது மிரண்டால் காடு கொள்ளாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி இருக்கிறார்கள் அல்லவா? சிறுநீரகத்தில் வளரும் ஒரு சாதுக் கட்டி அந்தப் பழமொழிக்கு நல்ல உதாரணம். அது பல ஆண்டுகள் வலி இல்லாமல், சத்தம் இல்லாமல் வளரும். ஒரு நாள் திடீரென்று உடைந்து ரத்தம் கொட்டும். உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

முன்கூட்டியே கண்டுபிடித்துக் கண்காணித்து வந்தால், இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கட்டியைச் சுருங்க வைக்க இப்போது மாத்திரைகூட வந்துவிட்டது. அந்த மாத்திரையின் கதை, பசிபிக் மகாசமுத்திரத்தில் உள்ள ஒரு தீவின் மண்ணில் தொடங்குகிறது!

மூன்று சரக்கு

இந்தக் கட்டிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் மிக நீளமானது. "ஆஞ்சியோமயோலிப்போமா" என்பது அந்தப் பெயர். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும், பொருள் எளிதுதான். ஆஞ்சியோ என்றால் ரத்தக் குழாய். மயோ என்றால் தசை. லிப்போ என்றால் கொழுப்பு. இந்த மூன்று சரக்கும் சேர்ந்து உருண்டு வளர்வதுதான் இந்தக் கட்டி.

கொழுப்பினால் ஆபத்து இல்லை. தசையினாலும் ஆபத்து இல்லை. ஆபத்து, ரத்தக் குழாயில்தான் இருக்கிறது.

நல்ல ரத்தக் குழாயின் சுவர், ரப்பர்போல் விரிந்து சுருங்கும். இந்தக் கட்டியில் உள்ள குழாய்களுக்கு அந்தச் சக்தி சரிவர இருப்பது இல்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு இடம் மெலிந்துபோனால், காற்று அடிக்கும்போது அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு வரும் அல்லவா? அதுபோல இந்தக் குழாய்களும் அங்கங்கே புடைத்துக்கொள்கின்றன. புடைப்பு பெரிதானால் வெடிக்கும்.

சிறுநீரகம், கைமுஷ்டி அளவு உள்ள உறுப்பு. ஆனால், அங்கே ஓடும் ரத்தம் கொஞ்சம் அல்ல. நம் இதயம் ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறத்தாழ 5-ல் ஒரு பங்கு, இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

யாருக்கு வரும்?

இந்தக் கட்டி உள்ளவர்களில் 5 பேருக்கு 4 பேர், வேறு வியாதி எதுவும் இல்லாதவர்கள். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். வேறு எதற்காகவோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது, "சிறுநீரகத்தில் சின்னக் கட்டி இருக்கிறது" என்று தெரியவரும். ஒரே கட்டியாக, சிறியதாக இருந்தால் கவலைப்பட வேண்டியது இல்லை. டாக்டர் சொல்லும் காலத்தில் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

மீதி ஒரு பங்குப் பேரின் கதைதான் முக்கியமானது. அவர்களுக்கு ஒரு கட்டி அல்ல. பல கட்டிகள்! ஒரு சிறுநீரகத்தில் அல்ல. இரண்டிலும்! இதற்குக் காரணம், பிறக்கும்போதே உடம்பில் இருக்கும் ஒரு குறை. அந்தக் குறைக்கு "டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்" என்று பெயர். ஏறத்தாழ 6 ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தை இந்தக் குறையோடு பிறக்கிறது. இப்படிப் பிறந்தவர்களில் 10 பேருக்கு 8 பேர் என்ற அளவில், வளர வளரச் சிறுநீரகத்தில் கட்டி உண்டாகிறது.

பாரீஸ் நகரத்துப் பெண்

இந்த வியாதிக்குப் பெயர் வைத்தவர், பிரான்சு நாட்டு டாக்டர் பூர்னவில். பாரீஸ் நகரில் சால்பெத்ரியேர் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 15 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். குழந்தைப் பருவம் முதல் அவளுக்குக் காக்காய் வலிப்பு. அறிவு வளர்ச்சியும் இல்லை. முகத்தில் பரு பருவாக இருந்தது.

அந்தப் பெண் இறந்துவிட்டாள். டாக்டர் அவளுடைய மூளையைப் பரிசோதித்தார். மூளையின் மேல்பகுதியில் அங்கங்கே கெட்டியான முடிச்சுகள் இருந்தன. தொட்டுப் பார்த்தால் கிழங்குபோல் இருந்தது. ஆகவே, "கிழங்குபோல் இறுகிய மூளை" என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர் வைத்து, 1880-ம் ஆண்டில் எழுதினார். "டியூபரஸ்" என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.

அவளுடைய சிறுநீரகத்திலும் கட்டிகள் இருந்தன. அதையும் டாக்டர் பார்த்தார். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? முதலில் அது ஏதோ தனி வியாதி என்றே தோன்றியது. அடுத்த ஆண்டு, 1881-ல், இன்னொரு சிறுவனின் உடலிலும் இதே ஜோடியைப் பார்த்தார்கள். மூளையில் முடிச்சு, சிறுநீரகத்தில் கட்டி! இரண்டும் ஒரே வேரில் முளைத்தவையாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

தோலில் தெரியும் அடையாளம்

சிறுநீரகம் உள்ளே இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இந்த வியாதி, வெளியிலும் சில அடையாளங்களைக் காட்டும். பெற்றோர்கள் இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் அடையாளம், தோலில் வெளுத்த திட்டுகள். ஒரு முனை உருண்டும், ஒரு முனை கூராகவும், இலைபோல் நீளமாக இருக்கும். பிறந்த குழந்தைக்குக்கூட இருக்கலாம். ஒன்றிரண்டு திட்டு பலருக்கும் இருக்கும். அதனால் பயம் இல்லை. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைத் தேமல் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. குஷ்டம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. இது தொட்டால் ஒட்டுகிற வியாதி அல்ல.

இரண்டாவது, முகத்தில் பரு. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்திலும் சிவந்த சிறு முடிச்சுகள் தோன்றும். வாலிப வயதில் வருகிற முகப்பரு அல்ல இது. அதற்கு வெகு முன்பே, சிறு குழந்தையாக இருக்கும்போதே தலைகாட்டும். சீழ் பிடிக்காது.

மூன்றாவது, வலிப்பு. கைக்குழந்தை திடீர் திடீரென்று தலையை முன்னால் வெட்டி, கைகளை உதறும். ஒரு நாளில் பல தடவை வரும். "பிள்ளை திடுக்கிடுகிறது" என்று சிலர் மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். அந்தச் சில வாரத் தாமதமே குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் எல்லா அடையாளமும் இருக்கும் என்பது இல்லை. சிலருக்கு வலிப்பே வராது. நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறவர்களும் பலர். அவர்களுக்கு இந்த வியாதி இருப்பதே, சிறுநீரகக் கட்டி தெரிந்த பிறகுதான் தெரியவரும்.

இரண்டு பிரேக்

இந்தக் கட்டி ஏன் வளர்கிறது?

நம் உடம்பு கோடிக்கணக்கான அணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் "எப்படி வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்" என்ற கட்டளைகள் எழுதி வைக்கப்பட்டு இருக்கின்றன. அவற்றை ஜீன் என்பார்கள். தமிழில் மரபணு. ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று தகப்பனார் கொடுத்தது. மற்றொன்று தாயார் கொடுத்தது.

அணு தாறுமாறாக வளராமல் தடுக்கும் மரபணு, வண்டியின் பிரேக் மாதிரி. இரண்டு பிரதி இருப்பதால் கால் பிரேக், கைப் பிரேக் என்று இரண்டு பிரேக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வியாதி உள்ளவர்களுக்குப் பிறக்கும்போதே ஒரு பிரேக் பழுது. மற்றொரு பிரேக் வேலை செய்வதால் வண்டி ஒழுங்காகவே ஓடுகிறது. எப்போதாவது, ஏதோ ஒரு அணுவில், அந்த இரண்டாவது பிரேக்கும் பழுதாகிவிடுகிறது. அப்போது அந்த அணு மட்டும் கட்டுப்பாடு இல்லாமல் பெருகத் தொடங்குகிறது. அதுதான் கட்டி!

இப்படிப் பிரேக் வேலை செய்யும் மரபணுக்களில் இரண்டு, இந்த வியாதிக்குக் காரணம். ஒன்றை 1993-ல் கண்டுபிடித்தார்கள். மற்றொன்றை 1997-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டில் எது கெட்டாலும் வியாதி வரும்.

யார் குற்றம்?

குழந்தைக்கு இப்படி ஒரு குறை என்றதும், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "யாரால் வந்தது?" என்பதுதான். பெரும்பாலும் பழி தாயின் தலையில் விழும். "கிரகணத்தின்போது வெளியே போனாள்" என்பார்கள். "அவள் குடும்பத்து வியாதி" என்பார்கள்.

விஞ்ஞானம் சொல்வது வேறு. இந்த வியாதி உள்ள மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. கரு உருவாகும் காலத்தில் தற்செயலாக நேர்ந்த பிழை. ஒரு பெரிய புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது ஒரு எழுத்து தவறிப்போவது மாதிரி. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலும் வருவது அல்ல.

மீதி ஒருவருக்குத் தாய் அல்லது தகப்பனிடம் இருந்து வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த வியாதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஆகவே ஒரு குழந்தைக்கு வியாதி என்று தெரிந்தால், பெற்றோரும் தங்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பழி போடுவதற்காக அல்ல. தங்கள் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

எப்போது மிரளும்?

கட்டிகள் பெரும்பாலும் சிறு வயதிலேயே முளைத்துவிடுகின்றன. வாலிப வயதில் வளர்கின்றன. சிறு குழந்தைகளுக்கு ரத்தப்போக்கு வருவது அபூர்வம். பெரியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. அதன் உள்ளே உள்ள ரத்தக் குழாயின் புடைப்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலும் ஆபத்துதான். கர்ப்ப காலத்தில் கட்டி வேகமாக வளரலாம், ரத்தம் கசியலாம். ஆகவே இந்த வியாதி உள்ள பெண்கள், குழந்தை பெற நினைக்கும்போதே டாக்டரைக் கலந்துகொள்வது அவசியம்.

கட்டி உடைந்தால் எப்படித் தெரியும்? விலாவில் அல்லது இடுப்புக்கு மேலே, ஒரு பக்கத்தில் திடீரென்று கடுமையான வலி வரும். சிறுநீர் சிவப்பாகப் போகலாம். தலை சுற்றும். உடம்பு வேர்த்துக் குளிர்ந்துபோகும். மயக்கம் வரும். ரத்தம் வயிற்றின் பின்பக்கம் தேங்குவதால், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமலும் போகலாம். "வாயுப் பிடிப்பு" என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு இருந்தால் ஆபத்து. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிறுநீரகத்தைச் சுற்றி இப்படித் தானாக ரத்தம் கொட்டுவதை 1856-ம் ஆண்டில் விவரித்தவர், ஜெர்மனி நாட்டு டாக்டர் வூண்டர்லிக். அவருடைய பெயராலேயே இன்றும் இதை அழைக்கிறார்கள். இந்த டாக்டருக்கு நாம் எல்லோரும் வேறு விதத்திலும் கடன்பட்டு இருக்கிறோம். ஜுரம் வந்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோமே, அந்த வழக்கத்தை ஆஸ்பத்திரிகளில் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அவர்தான்!

அவசரக் கத்தி வேண்டாம்

முன்காலத்தில் இந்தக் கட்டி உடைந்தால், டாக்டர்கள் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்கள். புற்றுநோய் என்று நினைத்து எடுத்ததும் உண்டு. உயிர் பிழைத்தது உண்மை. ஆனால், மீதி இருக்கும் சிறுநீரகத்திலும் கட்டிகள் உண்டே! சில ஆண்டுகளில் அதுவும் உடைந்தால்? அந்த மனிதர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டப்பட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார்.

ஆகவே இப்போது முறை மாறிவிட்டது. ரத்தம் கொட்டினால், தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்துகிறார்கள். படம் பார்த்துக்கொண்டே அதைச் சிறுநீரகம் வரை கொண்டுபோகிறார்கள். எந்தக் குழாய் கசிகிறதோ அதை மட்டும் அடைத்துவிடுகிறார்கள். வாய்க்காலில் உடைப்பு எடுத்த மடையை மட்டும் அடைப்பது மாதிரி. வயிற்றைக் கிழிக்க வேண்டியது இல்லை. நல்ல பகுதி பிழைத்துக்கொள்கிறது. சில நாள் ஜுரமும் வலியும் இருக்கும். அதற்கும் மருந்து கொடுக்கிறார்கள்.

"சிறுநீரகத்தை எடுப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்" என்பதுதான் இந்த வியாதியில் தேர்ந்த டாக்டர்களின் முடிவு.

உடைந்த பிறகு செய்கிற வைத்தியம் இது. உடையாமலே தடுக்க வழி இல்லையா? இருக்கிறது. அந்த வழி திறந்த கதை, விசித்திரமானது.

தீவு மண்ணில் கிடைத்த மருந்து

பசிபிக் மகாசமுத்திரத்தில் ஈஸ்டர் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குச் சொந்தமானது. சிலி நாட்டுக் கரையில் இருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தூரம். கடலை ஒட்டி வரிசையாக நிற்கும் ராட்சதக் கற்சிலைகளைப் படத்தில் பார்த்து இருப்பீர்கள். அந்தத் தீவுதான். ஊர் மக்கள் அதை "ராப்பா நூயி" என்பார்கள்.

1964-ம் ஆண்டின் கடைசியில், கனடா நாட்டு டாக்டர்களும் விஞ்ஞானிகளும் ஒரு கப்பலில் அங்கே போனார்கள். தீவில் விமான நிலையம் வர இருந்தது. வெளி உலகம் உள்ளே புகுவதற்கு முன், அந்த மக்களின் உடல்நிலையை ஆராய வேண்டும் என்பது நோக்கம்.

அந்தக் குழுவில் இருந்த நோக்ராடி என்ற கிருமி ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தீவில் குதிரைகள் ஏராளம். குதிரைச் சாணம் உள்ள மண்ணில் டெட்டானஸ் என்ற ரண ஜன்னிக் கிருமி இருப்பது வழக்கம். மக்களோ வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஆனாலும் அந்த வியாதி அவர்களுக்கு வருவது இல்லை. ஏன்? தீவை 67 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண் எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

அந்த மண், மாண்ட்ரீல் நகரில் உள்ள மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தது. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் இந்தியர்! சுரேந்திரநாத் சேகல் என்பது அவர் பெயர். பஞ்சாபில் பிறந்தவர். காசி இந்து சர்வகலாசாலையில் மருந்தியல் படித்தவர். பிறகு இங்கிலாந்து போய் டாக்டர் பட்டம் பெற்று, கனடாவில் குடியேறியவர்.

மண்ணில் இருந்த ஒரு கிருமி, காளான் வகைகளைக் கொல்லும் ஒரு சரக்கைச் சுரப்பது தெரிந்தது. 1972-ல் அதைப் பிரித்து எடுத்தார்கள். தீவின் பெயரை நினைத்து "ராப்பாமைசின்" என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டு ஐஸ் பெட்டியில்

1983-ம் ஆண்டில், மாண்ட்ரீல் ஆராய்ச்சிக்கூடத்தைக் கம்பெனி மூடிவிட்டது. "இந்த மருந்தில் ஆராய்ச்சி போதும்" என்று நிறுத்திவிட்டார்கள். சேகலுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கிருமியைக் கொஞ்சம் குப்பிகளில் எடுத்து, தம் வீட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். அமெரிக்காவுக்குக் குடிபோனபோதும், ஐஸோடு சேர்த்துக் கட்டி அதைக் கொண்டுபோனார். ஐந்தாறு ஆண்டு கழித்துப் புது நிர்வாகம் வந்தது. அவர்களிடம் வாதாடி, ஆராய்ச்சியை மறுபடியும் தொடங்க வைத்தார்.

1999-ல் அமெரிக்க அரசாங்கம் அந்த மருந்தை அனுமதித்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களின் உடம்பு, அதைத் தள்ளிவிடாமல் ஏற்றுக்கொள்வதற்காக அந்த அனுமதி. அப்போதும் இது இந்தச் சிறுநீரகக் கட்டியைச் சுருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

2002-ல்தான் விஷயம் விளங்கியது. முன்பு இரண்டு பிரேக் என்று சொன்னோம் அல்லவா? அந்தப் பிரேக், அணுவுக்குள் எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறதோ, அதே சக்கரத்தைத்தான் ராப்பாமைசினும் பிடித்து நிறுத்துகிறது! அப்படியானால் பழுதான பிரேக்குக்குப் பதிலாக இந்த மருந்தை வைத்தால் என்ன?

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், டாக்டர் பிஸ்லர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்து பார்த்தார்கள். 25 பேர் சேர்ந்தார்கள். 20 பேர் ஓராண்டு முடித்தார்கள். ஓராண்டின் முடிவில், கட்டிகளின் பருமன் சராசரியாக ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து இருந்தது! 2008-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளிவந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து மருந்தைக் காப்பாற்றிய சேகல் இதைக் காண உயிரோடு இல்லை. 2003-லேயே காலமாகிவிட்டார்.

பிறகு இதே குடும்பத்தைச் சேர்ந்த "எவரோலிமஸ்" என்ற மருந்தை 118 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து. ஒரு பகுதியினருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 42 பேருக்குக் கட்டியின் பருமன் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட அப்படிக் குறையவில்லை. 2012-ல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி கொடுத்தது. இந்த மருந்துகள் நம் இந்தியாவிலும் கிடைக்கின்றன.

மாத்திரையின் மறுபக்கம்

மாத்திரை வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சின்சினாட்டியில் மருந்தை நிறுத்திய பிறகு, ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களின் கட்டி மறுபடியும் வளர்ந்து, பழைய அளவை நெருங்கிக்கொண்டு இருந்தது. பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் வண்டி ஓடத்தானே செய்யும்? ஆகவே நீண்ட காலம் சாப்பிட வேண்டிய மருந்து இது. செலவும் அதற்கு ஏற்றபடி ஆகும்.

வாயில் புண் வரலாம். ரத்தத்தில் கொழுப்பு கூடலாம். தொற்று நோய்கள் எளிதில் பற்றலாம். சில தடுப்பு ஊசிகளைப் போடக் கூடாது. ஆகவே டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும். சிறிய கட்டிக்கு மருந்து தேவை இல்லை. கட்டி வளர்ந்துகொண்டே போய் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால், உடையும் வரை காத்திராமல் முதலில் இந்த மாத்திரையைக் கொடுப்பது நல்லது என்பது இப்போதைய முறை.

நாம் செய்ய வேண்டியது என்ன?

* டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்த நாளிலேயே சிறுநீரகத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வலி இல்லை என்று தள்ளிப்போடக் கூடாது.

* அதன் பிறகு ஆயுள் முழுவதும், ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் சிறந்தது. அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கொழுப்பு குறைந்த கட்டிகளையும் அதில் நன்றாகப் பார்க்கலாம்.

* ஆண்டுக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகம் வேலை செய்யும் அளவையும் பார்க்க வேண்டும்.

* பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுப் பத்திரம்போல் பத்திரப்படுத்துங்கள். சென்ற தடவையைவிடக் கட்டி வளர்ந்து இருக்கிறதா என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டிய முக்கிய விஷயம். மிக அபூர்வமாக, சாதுக் கட்டிகளுக்கு நடுவே புற்றுநோயும் தோன்றுவது உண்டு. வேகமாக வளரும் கட்டியை டாக்டர் தனியாகச் சோதிப்பார்.

* வியாதியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலோ, கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிய நிலையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அந்தச் சீட்டைப் பார்க்கும் டாக்டர் அவசரப்பட்டுச் சிறுநீரகத்தை எடுக்கமாட்டார்.

* மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைக் கண்டபடி சாப்பிடாதீர்கள். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வலிப்பு உள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோரின் கவனம் எல்லாம் வலிப்பின் மேலேயே இருக்கும். அது இயற்கை. குழந்தை வளர்ந்து, வலிப்பும் அடங்கிவிட்டால், "இனி ஆஸ்பத்திரி எதற்கு?" என்று நின்றுவிடுகிறார்கள். கட்டி வளரும் காலமோ அதுதான்! இந்த வியாதி உள்ள பெரியவர்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று, இந்தச் சிறுநீரகக் கட்டி.

வலிக்கவில்லை என்பதால் ஸ்கேனை நிறுத்திவிடாதீர்கள். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் கத்திக்கும் ஓடாதீர்கள். சாதுவை மிரளவிடாமல் வைத்திருப்பது, தவறாமல் எடுக்கும் அந்த ஒரு ஸ்கேனில்தான் இருக்கிறது.